சூடு சொல்லும் இரண்டு பொய்கள்: ஹாட் யோகா தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

முதல் வகுப்பு முடிந்து வெளியே வந்து துண்டைப் பிழிந்தேன். குழாயைத் திறந்ததுபோல் வியர்வை கொட்டியது. இவ்வளவு வியர்த்திருக்கிறதே, எவ்வளவு உழைத்திருப்பேன் என்று ஒரே பெருமை. போதாததற்கு, அதுவரை கணுக்காலை எட்டாத என் விரல்கள் அன்று கால் பெருவிரலையே பிடித்திருந்தன. மறுநாள் காலை நாற்காலியில் உட்கார்ந்தபோது இடது புட்டத்தின் அடியில், எலும்பு இருக்கையில் படும் இடத்தில், ஊசி குத்துவதுபோல் ஒரு வலி. அது போக மூன்று மாதம் ஆயிற்று.

ஹாட் யோகா என்பது சூடேற்றிய அறையில் செய்யும் யோகா. அந்தச் சூடான அறை நம்மிடம் இரண்டு பொய்களைச் சொல்லும். வியர்த்த அளவுக்கு உழைத்துவிட்டாய் என்பது ஒன்று. வளைந்த அளவுக்கு உடல் பக்குவப்பட்டுவிட்டது என்பது இன்னொன்று. புதிதாக வருகிறவர்கள் படும் தொல்லைகளில் பெரும்பாலானவை இந்த இரண்டில் ஒன்றை நம்பியதால் வருபவைதான். நான் மருத்துவரும் அல்ல, பயிற்றுநரும் அல்ல. வியர்வை சொட்டிய விரிப்பில் வழுக்கி வழுக்கிச் சில ஆண்டுகளில் கற்றுக்கொண்டதை இங்கே வரிசையாகச் சொல்கிறேன்.

சேருமுன் அறையை விசாரியுங்கள்

ஹாட் யோகா என்று பலகை மாட்டியிருப்பதெல்லாம் ஒன்றல்ல. கொல்கத்தாவில் பிறந்த பிக்ரம் சௌத்ரி 1970களில் அமெரிக்காவில் பரப்பிய வகைக்குத் திட்டமான கணக்கு உண்டு: 26 ஆசனங்கள், 2 மூச்சுப் பயிற்சிகள், 90 நிமிடம், ஏறத்தாழ 40.6 டிகிரி செல்சியஸ் வெப்பம், 40 சதவீத ஈரப்பதம். அந்த ஆசன வரிசைக்குப் பதிப்புரிமை கோர முடியாது என்று அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் 2015இல் தீர்ப்பளித்தது. அவர்மீது பாலியல் குற்றச்சாட்டு வழக்குகள் எழுந்தபின் பல கூடங்கள் அவர் பெயரையும் விட்டுவிட்டன. ஆகவே அதே வகுப்பு இன்று வேறு வேறு பெயர்களில் நடக்கிறது. மற்ற வகைகளில் அறை பெரும்பாலும் 32 முதல் 38 டிகிரிக்குள் இருக்கும், ஆனால் ஆசனங்கள் வேகமாக மாறும். குறைந்த சூடு என்பதால் எளிது என்று நினைத்துவிடக் கூடாது.

பெயரை விடுங்கள். எத்தனை டிகிரி, ஈரப்பதம் எவ்வளவு, எத்தனை நிமிடம், நடுவில் வெளியே போய் வரலாமா என்று நான்கு கேள்விகளைக் கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு வரும் பதில்தான் முக்கியம். நான் போன ஒரு கூடத்தில், மயக்கம் வந்தாலும் அறைக்குள்ளேயே படுத்திருக்க வேண்டும், கதவைத் திறக்கக் கூடாது என்பது விதி. இரண்டாவது முறை அங்கே போகவில்லை. உங்களுக்கும் அதையே சொல்வேன்.

ஈரப்பதத்தை ஏன் கேட்க வேண்டும்? நம் தோலின் வெப்பம் சாதாரணமாக 33, 34 டிகிரி இருக்கும். அறை அதைவிடச் சூடாக இருந்தால், உடம்பின் சூடு காற்றுக்குப் போவதற்குப் பதிலாகக் காற்றின் சூடு உடம்புக்குள் வருகிறது. மிச்சமிருக்கும் ஒரே வழி வியர்வை. அதுவும் ஆவியானால்தான் குளிர்விக்கும். சொட்டுச் சொட்டாகத் தரையில் விழும் வியர்வையால் உடம்புக்கு ஒரு பயனும் இல்லை, தண்ணீரும் உப்பும் போனதுதான் மிச்சம். காற்றில் ஏற்கெனவே ஈரம் மிகுந்திருந்தால் வியர்வை ஆவியாகாமல் வழிந்தோடும். அதனால்தான் 38 டிகிரி வறண்ட அறையைவிட 36 டிகிரி புழுங்கும் அறை ஆளை அதிகம் வாட்டும். துண்டு நனைந்ததைப் பார்த்து நான் பெருமைப்பட்டேனே, அது என் உழைப்பின் அளவு அல்ல. அறையின் புழுக்கம்.

யார் முதலில் மருத்துவரிடம் போக வேண்டும்

இந்தப் பகுதியைத் தாண்டிப் போக வேண்டாம். கர்ப்பிணிகள் சூடான அறையைத் தவிர்க்க வேண்டும். அமெரிக்க மகப்பேறு மருத்துவர்கள் அமைப்பும் கர்ப்ப காலத்தில் தவிர்க்க வேண்டியவற்றின் பட்டியலில் ஹாட் யோகாவைப் பெயர் சொல்லியே வைத்திருக்கிறது. முதல் மூன்று மாதங்களில் தாயின் உட்சூடு 39 டிகிரியைத் தாண்டுவது, சிசுவின் மூளையும் தண்டுவடமும் உருவாவதில் குறை ஏற்படும் ஆபத்தைக் கூட்டுகிறது. கருத்தரிக்க முயல்கிறவர்களும் இதை நினைவில் வைத்துக்கொள்ளட்டும். யோகாவை நிறுத்த வேண்டியதில்லை, சூட்டைத்தான் நிறுத்த வேண்டும்.

இதய நோய், கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம், அடிக்கடி மயங்கி விழும் பழக்கம், சிறுநீரகக் கோளாறு, முன்பு ஒருமுறை ஹீட் ஸ்ட்ரோக் (வெப்பத் தாக்கு) வந்த அனுபவம் ஆகியவை இருந்தால் மருத்துவரின் சம்மதம் இல்லாமல் தொடங்காதீர்கள். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோய் உள்ளவர்களுக்கு உடம்பு சூடேறினாலே பார்வை மங்குவதும் கால் தளர்வதும் தற்காலிகமாகக் கூடும். கிளாக்கோமா என்ற கண் அழுத்த நோய் உள்ளவர்களுக்குத் தலை கீழே தொங்கும் ஆசனங்கள் கண் அழுத்தத்தை ஏற்றும், அறை சூடானாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி.

மருந்துகளைப் பலர் மறந்துவிடுகிறார்கள். நீர் பிரிக்கும் மாத்திரை ஏற்கெனவே உடலின் தண்ணீரைக் குறைக்கிறது. ரத்த அழுத்தத்துக்கும் இதய நோய்க்கும் தரும் பீட்டா பிளாக்கர் மாத்திரை இதயம் வேகமெடுப்பதைத் தடுப்பதால், நாடித் துடிப்பைப் பார்த்து உடல்நிலையைக் கணிக்க முடியாது. தூக்கம் வரவைக்கும் பழைய வகை ஒவ்வாமை மாத்திரைகளும் மனநல மருந்துகள் சிலவும் வியர்வையைக் குறைத்துவிடும். லித்தியம் என்ற மனநல மருந்து எடுப்பவர்களுக்கு நீரிழப்பு நேர்ந்தால் ரத்தத்தில் மருந்தின் அளவு ஆபத்தான அளவுக்கு ஏறலாம். இன்சுலின் போடுகிறவர்களுக்கு இன்னொரு சிக்கல்: சூட்டில் தோலுக்கு ரத்த ஓட்டம் கூடுவதால் இன்சுலின் வேகமாக உறிஞ்சப்பட்டுச் சர்க்கரை சட்டென்று இறங்கலாம். இன்சுலின் மருந்தையும் பேனாவையும் அந்த அறைக்குள் கொண்டுபோகவே கூடாது, சூட்டில் கெட்டுவிடும்.

காய்ச்சல், வயிற்றுப்போக்கு, முந்தைய இரவில் மது, தூக்கக் குறைவு, வெயிலில் சுட்ட தோல்: இவற்றில் எது இருந்தாலும் அன்றைக்கு வீட்டிலேயே இருங்கள். கட்டிய கட்டணம் வீணாகிறதே என்று கிளம்பிப்போய் அவதிப்பட்டவர்களை எனக்குத் தெரியும்.

வகுப்பு நாளில் சாப்பாடு, தண்ணீர், உடை

முழுச் சாப்பாட்டுக்கும் வகுப்புக்கும் இடையே 2 முதல் 3 மணி நேர இடைவெளி வேண்டும். அதற்காகப் பட்டினியாகவும் போகாதீர்கள். இடைவெளி நீண்டுவிட்டால் ஒரு மணி நேரம் முன்பு ஒரு பழம் போதும்.

தண்ணீரைப் பொறுத்தவரை எல்லோரும் செய்யும் தவறு, கடைசிப் பத்து நிமிடத்தில் ஒரு லிட்டரைக் கடகடவென்று குடித்துவிட்டு உள்ளே நுழைவது. வயிற்றில் தண்ணீர் குலுங்கும். முன்னால் குனிந்தால் தொண்டைக்கு வரும். வகுப்புக்கு 2, 3 மணி நேரம் முன்பே 400 முதல் 600 மில்லி லிட்டர் வரை மெதுவாகக் குடித்துவிட்டு, உள்ளே போகும் நேரத்தில் சிறுநீர் கழித்துவிட்டுப் போங்கள். சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் சரி. பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு எப்போதும் அடர் மஞ்சளாகத்தான் தெரியும், அவர்கள் நிறத்தைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

உடை உடம்போடு ஒட்டியதாகவும் சீக்கிரம் காய்வதாகவும் இருக்கட்டும். பருத்தி நனைந்து கனத்துவிடும். விரிப்பின் முழு நீளத்துக்கும் ஒரு துண்டு, முகம் துடைக்க இன்னொன்று. துண்டு விரிக்காத விரிப்பில் இருபதாவது நிமிடம் கால் வழுக்கும். மோதிரம், சங்கிலி, கான்டாக்ட் லென்ஸ் எல்லாவற்றையும் கழற்றிவிடுவது நல்லது.

முதல் வகுப்பு

90 நிமிட வகுப்பும் 60 நிமிட வகுப்பும் இருந்தால் 60ஐ எடுங்கள். பத்து நிமிடம் முன்பே போய், கதவுக்கு அருகில் கடைசி வரிசையில் இடம் பிடியுங்கள். சூடாக்கும் கருவிக்கு நேர் கீழே உள்ள இடம் எது என்று கேட்டு, அதை மட்டும் தவிருங்கள். முதல்முறை என்பதையும், காயமோ நோயோ இருந்தால் அதையும் பயிற்றுநரிடம் தாழ்ந்த குரலில் சொல்லிவிடுங்கள்.

அன்றைக்கு உங்கள் வேலை ஆசனம் கற்பது அல்ல. அந்தச் சூட்டில் அமைதியாக மூச்சுவிட்டபடி இருப்பது மட்டும்தான். மூச்சுதான் பொய் சொல்லாத கருவி. மூக்கால் சீராக மூச்சுவிட முடிகிறவரை நீங்கள் எல்லைக்குள் இருக்கிறீர்கள். வாயைத் திறந்து இளைக்கத் தொடங்கிய நொடியில் ஆசனத்தைவிட்டு வெளியே வாருங்கள். நின்றுகொண்டிருந்தால் உட்காருங்கள். உட்கார்ந்தும் அடங்காவிட்டால் பக்கவாட்டில் சரிந்து மல்லாந்து படுங்கள். அப்படியும் இரண்டு, மூன்று நிமிடத்தில் சீராகாவிட்டால் எழுந்து வெளியே போங்கள். யாரும் உங்களைப் பார்ப்பதில்லை. எல்லோருடைய கண்ணிலும் வியர்வைதான் இருக்கிறது.

எல்லா ஆசனத்தையும் செய்தாக வேண்டும் என்பதில்லை. ஒன்றைச் செய்து ஒன்றை விட்டால் போதும். தண்ணீரை ஓரிரு மடக்காகக் குடியுங்கள். தாகம் எடுக்காதபோதும் குடித்துக்கொண்டே இருப்பது நல்லதல்ல, ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். கபாலபாதி போன்ற வேகமான மூச்சுப் பயிற்சியை முதல் சில வகுப்புகளில் பாதி வேகத்தில் செய்யுங்கள். களைத்த உடம்பில் அதை முழு வேகத்தில் செய்தால் தலை கிறுகிறுக்கும்.

எவ்வளவு வளைவது

இதை எழுதும்போது இடது புட்டம் என்னை ஒருமுறை முறைத்துப் பார்க்கிறது.

சூட்டில் தசை உண்மையாகவே நெகிழும். ஆனால் அந்த நெகிழ்ச்சி அறையைவிட்டு வந்ததும் பெருமளவு போய்விடும். வலி உணர்வும் அப்போது சற்று மந்தமாக இருக்கும். வழக்கமாக 'இதற்குமேல் வேண்டாம்' என்று உடம்பு எங்கே சொல்லுமோ, அந்த இடம் தள்ளிப்போய்விடுகிறது. தசை லேசாக இழுபட்டால் சில வாரங்களில் ஆறும். எலும்பையும் தசையையும் பிணைக்கும் நாணும், எலும்போடு எலும்பைக் கட்டிவைக்கும் நாரும் அப்படியல்ல. ரத்த ஓட்டம் குறைந்த பகுதிகள் அவை, ஆற மாதக்கணக்கில் ஆகும்.

ஆகவே ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். முடிகிற அளவில் பத்தில் ஏழு பங்கு மட்டும் போங்கள். இழுவை தசையின் நடுப்பகுதியில் தெரிந்தால் சரி. மூட்டுக்கு அருகிலோ, உட்காரும் எலும்பின் மேலோ, முழங்காலின் பின்புறமோ சுருக்கென்று தெரிந்தால் உடனே தளர்த்துங்கள். நின்றபடி குனிந்து பாதத்தைத் தொடும் பாதஹஸ்தாசனத்தில் முழங்காலைச் சற்று மடக்கிக்கொள்வதில் கௌரவக் குறைவு எதுவும் இல்லை. ஒற்றைக் காலில் நிற்கும் ஆசனங்களில் 'முழங்காலைப் பூட்டு' என்று சில பயிற்றுநர்கள் சொல்வார்கள். தொடைத் தசையை இறுக்கு என்பதுதான் அதன் பொருள். முழங்காலைப் பின்னுக்குத் தள்ளி வளைக்காதீர்கள். இயல்பிலேயே மூட்டுகள் அளவுக்கு மீறி வளையும் உடம்புக்காரர்கள் வகுப்பில் பாராட்டு வாங்குவார்கள். அவர்கள்தான் எல்லோரையும்விட எச்சரிக்கையாக இருக்க வேண்டியவர்கள்.

அறைக்குள் நேரும் தொல்லைகள்

தலைசுற்றல். முதல் வகுப்பில் இது பலருக்கு வரும். சூட்டில் தோலுக்கு ரத்தம் பாய்வதால் மூளைக்குப் போகும் பங்கு, நிலை மாறும்போது சற்றுக் குறைகிறது. குனிந்து நிமிரும்போதும், மண்டியிட்டுப் பின்னால் வளையும் உஷ்ட்ராசனத்திலிருந்து மீளும்போதும் கண் இருட்டும். தலையைக் கடைசியாக உயர்த்தி மெதுவாக எழுவது பாதித் தீர்வு. இருட்டினால் உடனே கீழே உட்காருங்கள். நின்று சமாளிக்க முயன்றவர்கள்தான் விழுகிறார்கள்.

குமட்டல். பெரும்பாலும் வயிற்றில் இருக்கும் சாப்பாடோ தண்ணீரோ காரணம். மல்லாந்து படுங்கள். அடங்காவிட்டால் வெளியேறுங்கள்.

கெண்டைக்காலில் தசைப்பிடிப்பு வந்தால் காலை நீட்டி, பாதத்தை உங்கள் பக்கம் இழுத்துப் பிடியுங்கள். உப்பு இழப்பாலும் வரலாம், வெறும் களைப்பாலும் வரலாம். ஒவ்வொரு வகுப்பிலும் வந்தால் முன்பு சொன்ன தண்ணீரையும் பின்னால் சொல்லப்போகும் உப்பையும் கவனியுங்கள்.

இதயம் படபடவென்று அடிப்பது சூட்டில் இயல்பு. அதே ஆசனத்தைச் சாதாரண அறையில் செய்வதைவிட நாடி வேகமாகத்தான் இருக்கும். நெஞ்சில் இறுக்கமோ, துடிப்பு தப்பித் தப்பி விழுவதோ, கைக்கும் தாடைக்கும் பரவும் வலியோ இயல்பல்ல. அப்போது வகுப்பை நிறுத்திவிட்டு அவசர உதவியை அழைக்க வேண்டும்.

இனி, ஒருபோதும் அலட்சியம் செய்யக் கூடாதவை. அவ்வளவு சூட்டிலும் உடம்பு புல்லரிப்பது, குளிர்வதுபோல் தோன்றுவது, மண்டையைப் பிளக்கும் தலைவலி, சோர்ந்து கால் பின்னுவது ஆகியவை வெப்பத் தளர்ச்சியின் அறிகுறிகள். உடனே வெளியேறி, குளிர்ந்த இடத்தில் படுத்து, காலை உயர்த்தி வைத்து, ஈரத் துணியால் துடைத்துக்கொண்டு, மெதுவாகத் தண்ணீர் குடியுங்கள். அரை மணி நேரத்தில் தெளியாவிட்டால் மருத்துவ உதவி தேவை.

பக்கத்து விரிப்பில் இருப்பவர் குழறிப் பேசினால், கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னால், நினைவிழந்தால் அது ஹீட் ஸ்ட்ரோக்காக இருக்கலாம். உட்சூடு 40 டிகிரியைத் தாண்டி மூளையைப் பாதிக்கும் நிலை அது. வியர்வை நின்றிருக்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். உடற்பயிற்சியின்போது வரும் ஹீட் ஸ்ட்ரோக்கில் வியர்த்துக்கொட்டிக்கொண்டேயும் இருக்கலாம். ஆம்புலன்ஸை அழைத்துவிட்டு, அது வரும்வரை சும்மா இருக்காமல் குளிர்விக்கத் தொடங்குங்கள்: குளிர்ந்த நீரை ஊற்றி விசிறுங்கள், கழுத்திலும் அக்குளிலும் தொடை இடுக்கிலும் பனிக்கட்டி வையுங்கள், தொட்டி இருந்தால் கழுத்தளவு குளிர்ந்த நீரில் இறக்கித் தலையைத் தாங்கிப் பிடியுங்கள். நினைவு தெளிவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், புரையேறும்.

முடிந்த பிறகு

கடைசியில் அசையாமல் படுத்திருக்கும் சவாசனத்தை வெட்டிவிட்டுக் குளியலறைக்கு முந்துகிறவர்கள் உண்டு. வகுப்பு முடிந்த கையோடு ரத்த அழுத்தம் தாழ்ந்திருக்கும். அந்த நிலையில் சூடான நீரில் நின்று குளித்தால் மயங்கி விழ வாய்ப்புண்டு. ஐந்து நிமிடம் படுத்து, ஐந்து நிமிடம் உட்கார்ந்து, பிறகு மிதமான நீரில் குளியுங்கள். தலை தெளியும்வரை வண்டி ஓட்ட வேண்டாம்.

இழந்த தண்ணீரை அளக்க எளிய வழி எடை பார்ப்பது. முன்னும் பின்னும் ஈரமில்லாமல் எடை பார்த்து, குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் ஒன்றரை லிட்டர் என்ற கணக்கில் அடுத்த சில மணி நேரத்தில் பிரித்துப் பிரித்துக் குடியுங்கள். 60 கிலோ எடையுள்ளவர் 1.2 கிலோவுக்கு மேல் இழந்திருந்தால், அதாவது 2 சதவீதத்தைத் தாண்டினால், அடுத்த முறை உள்ளேயும் கூடுதலாகக் குடிக்க வேண்டும். உப்பும் போயிருக்கிறது. வழக்கமான உப்புள்ள ஒரு வேளைச் சாப்பாடு பெரும்பாலோருக்குப் போதும். மிகுதியாக வியர்ப்பவர்கள், துணியில் வெள்ளைத் திட்டாக உப்புப் படிபவர்கள், ஓ.ஆர்.எஸ். கரைசல் குடிக்கலாம். ரத்த அழுத்தமோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்கள் உப்பைக் கூட்டுமுன் மருத்துவரைக் கேட்க வேண்டும்.

மறுநாள் தசை வலிப்பது சாதாரணம். வலி தாங்க முடியாமல், தசை வீங்கி, சிறுநீர் கருப்புத் தேநீர் நிறத்தில் போனால் தசை சிதைந்து சிறுநீரகத்தைத் தாக்குகிறது என்று பொருள்கொள்ள இடமுண்டு. தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

எடை பார்க்கச் சொன்னேன் அல்லவா, அந்த முள் இறங்குவதைப் பார்த்து மகிழ வேண்டாம். அது தண்ணீர், குடித்ததும் திரும்பிவிடும். வியர்வையில் நச்சு வெளியேறுகிறது என்ற பேச்சும் அப்படித்தான். வியர்வையில் இருப்பது பெரும்பாலும் நீரும் உப்பும். கழிவைப் பிரிக்கும் வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் பார்த்துக்கொள்கின்றன. 2018இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், நடுவயதுக்காரர்கள் 12 வாரம் பிக்ரம் வரிசையைச் செய்தார்கள், ஒரு குழு சூடான அறையில், ஒரு குழு சாதாரண அறையில். ரத்த நாளங்கள் விரிந்துகொடுக்கும் தன்மை இரு குழுவிலும் மேம்பட்டிருந்தது. பிறகு நான் ஏன் சூடான அறைக்கே போகிறேன் என்றால், எனக்குப் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான். பிடிக்காவிட்டால் சாதாரண அறையில் செய்வதால் பெரிய இழப்பு ஒன்றுமில்லை.

தோலைப் பற்றி ஒரு வார்த்தை. ஈர உடையோடு நெடுநேரம் இருந்தால் வியர்க்குரு வரும், படர்தாமரையும் சேற்றுப்புண்ணும் ஒட்டிக்கொள்ளும். உடனே உடை மாற்றுங்கள், கால்விரல் இடுக்குகளைத் துடையுங்கள், தரையில் செருப்போடு நடங்கள். இரவல் விரிப்பு வேண்டாம். சொந்த விரிப்பை ஒவ்வொரு முறையும் துடைத்து, சுருட்டாமல் காயவிடுங்கள்.

எத்தனை நாளில் பழகும்

முதல் இரண்டு வாரம் ஒருநாள் விட்டு ஒருநாளுக்குமேல் போகாதீர்கள். நாள்தோறும் சூட்டில் இருந்தால் 7 முதல் 14 நாளில் உடம்பு பழகிவிடும். இடைவெளி விட்டுப் போனால் சற்றுக் கூடுதலாகும். ரத்தத்தின் நீர்ப்பகுதி பெருகும், நாடி நிதானப்படும், வியர்வை முன்பைவிடச் சீக்கிரமாகவும் மிகுதியாகவும் வரும், அதில் உப்பு குறைவாக இருக்கும். கூடுதலாக வியர்க்கிறதே என்று பழகியவர்கள் கவலைப்பட வேண்டாம், தண்ணீரை மட்டும் அதற்கேற்பக் கூட்டிக்கொள்ளுங்கள்.

இந்தப் பழக்கம் நிலைத்து நிற்காது. மூன்று, நான்கு வாரம் இடைவெளி விட்டால் உடம்பு பெரும்பாலும் பழைய நிலைக்கே திரும்பியிருக்கும். ஆறு மாதம் தொடர்ந்து வந்தவர் என்றாலும், ஒரு மாதம் கழித்து வரும் நாளில் மறுபடியும் கதவோரத்து இடத்திலேயே விரிப்பைப் போடுங்கள்.